லேப்ராஸ்கோப்பிக்கு முந்தைய மாதங்கள்

எண்டோமெட்ரியோசிஸாக இருக்கலாம் என்று மருத்துவர் முதன்முதலாகச் சொன்னபோது எனக்கு வயது 34. வலி தொடங்கியது பத்தாம் வகுப்பில். கருப்பையின் உள்படலத்தைப் போன்ற திசு, கருப்பைக்கு வெளியே சினைப்பையின் மேலோ வயிற்றறையின் உள்சவ்விலோ குடலை ஒட்டியோ வளர்வதுதான் இந்த நோய். பிள்ளை பெறும் வயதில் இருக்கும் பெண்களில் ஏறத்தாழ பத்து சதவீதம் பேருக்கு இது இருக்கிறது என்றும், கண்டுபிடிப்பதற்கு 4 முதல் 12 ஆண்டுகள் வரை ஆகிவிடுகிறது என்றும் உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இத்தனை பேருக்கு வரும் நோயின் பெயரை மதுரையில் எங்கள் வீட்டிலோ பள்ளியிலோ ஒருவரும் சொல்லிக் கேட்டதில்லை. "கல்யாணமானால் எல்லாம் சரியாகிவிடும்" என்பது மட்டும் காதில் விழுந்துகொண்டே இருந்தது.

எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. வேலை டெல்லியில், வீடு ராமகிருஷ்ணபுரத்தில். திருமணமாகாத பெண் என்றால் இங்கே பல ஸ்கேன் மையங்களில் பிறப்புறுப்பு வழியாகக் கருவியைச் செலுத்திப் பார்க்கும் உள்வழி ஸ்கேன் செய்வதில்லை, கேட்பதுகூட இல்லை. வயிற்றின் மேல் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு 'இயல்பாக உள்ளது' என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். மேலோட்டமாகப் படர்ந்திருக்கும் சின்னத் திட்டுகள் எந்த ஸ்கேனிலும் எளிதில் தெரிவதில்லை என்பதும், ஸ்கேன் நன்றாக இருப்பதால் நோய் இல்லை என்று ஆகிவிடாது என்பதும் எனக்கு மிகத் தாமதமாகத்தான் தெரிய வந்தது.

இப்போதெல்லாம் சந்தேகம் வந்த உடனே யாரையும் அறுவை சிகிச்சைக்கு அனுப்புவதில்லை. மனித இனப்பெருக்கம், கருவியலுக்கான ஐரோப்பியச் சங்கம் 2022-இல் வெளியிட்ட வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது: ஸ்கேனில் ஒன்றும் தெரியாதவர்களுக்கும் மருந்து பலிக்காதவர்களுக்கும்தான் லேப்ராஸ்கோப்பி, அதாவது வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவால் உள்ளே பார்க்கும் அறுவை. எனக்கும் முதலில் டையனோஜெஸ்ட் என்ற ஹார்மோன் மாத்திரை கொடுத்தார்கள். வலி கொஞ்சம் குறைந்தது, ஆனால் தலைவலியும் மனச்சோர்வும் வந்து ஒட்டிக்கொண்டன. எம்.ஆர்.ஐ. படத்தில் தெளிவாக ஒன்றும் தெரியவில்லை. அதன் பிறகுதான் மருத்துவர் உள்ளே பார்த்துவிடலாம் என்றார். இன்னொரு காரணமும் சொன்னார். நம் நாட்டில் வயிற்றுக் காசநோயும் இடுப்புப் பகுதிக் காசநோயும் இதே போன்ற வலியோடு வரக்கூடும். திசுவை எடுத்துப் பரிசோதித்தால் இரண்டுக்கும் விடை கிடைத்துவிடும்.

அறுவை சிகிச்சை என்றதும் எனக்கு வந்த முதல் பயம் வயிற்றைப் பற்றியதல்ல, மூச்சைப் பற்றியது. சிறு வயதிலிருந்தே எனக்கு ஆஸ்துமா உண்டு. டெல்லிக்கு வந்த பிறகு அது வளர்ந்துவிட்டது. தைராய்டு குறைபாடு இருக்கிறது. மாதாமாதம் போகும் ரத்தத்தால் ஹீமோகுளோபின் 9.4-இல் நின்றிருந்தது, பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் ஒரு மருத்துவர், ஒரு கோப்பு, ஒரு மருந்துச் சீட்டு. எல்லாவற்றையும் அம்மா கொடுத்த ஜவுளிக்கடைப் பையில் போட்டுத் தூக்கிக்கொண்டு அலைந்தேன். நுரையீரல் மருத்துவர் வயிற்றைப் பற்றிக் கேட்டதில்லை, பெண்கள் நோய் மருத்துவர் இன்ஹேலரைப் பற்றிக் கேட்டதில்லை. ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் கொண்டுசேர்க்கும் வேலை என் தலையில்தான் விழுந்தது.

மருந்து நேரங்களே ஒரு பெரிய கணக்கு. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போட வேண்டும், அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரை காபி கூடாது. இரும்புச் சத்து மாத்திரைக்கும் தைராய்டு மாத்திரைக்கும் இடையே நான்கு மணி நேரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தைராய்டு மருந்து உடம்பில் சேராது. இரும்புச் சத்து மாத்திரையோடும் காபி, டீ ஆகாது. காலையில் கண் விழித்ததும் டிகாக்ஷன் வாசனை வந்தாக வேண்டிய வீட்டில் வளர்ந்தவள் நான். காலைக் காபியைத் தள்ளிப்போட்டு, இரும்புச் சத்து மாத்திரையை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் எலுமிச்சைச் சாற்றோடு எடுத்துக்கொண்டேன். அப்படியும் வயிறு ஒத்துழைக்கவில்லை. கடைசியில் நரம்பு வழியாக இரும்புச் சத்து ஏற்றினார்கள். ஹீமோகுளோபின் உயரச் சில வாரங்கள் ஆகும். அறுவைக்குத் தேதி குறிக்கும்போதே உங்கள் ஹீமோகுளோபினைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கடைசி வாரத்தில் தெரிந்தால் பயனில்லை.

மயக்க மருந்துக்கு முன்பான பரிசோதனையைப் பற்றித்தான் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இ.சி.ஜி., மார்பு எக்ஸ்ரே, ரத்தப் பரிசோதனை என்று முடிந்துவிடும் ஒரு சடங்கு என்றே நினைத்துப் போயிருந்தேன். அங்கே இருந்த பெண் மயக்கவியல் மருத்துவர் என் பையை வாங்கி மேசையில் கொட்டி, எல்லாச் சீட்டுகளையும் தேதி வாரியாக அடுக்கினார். ஆட்டம் காணும் பல் இருக்கிறதா, கழுத்து பின்னால் எவ்வளவு வளைகிறது, வாயைத் திறந்தால் உள்நாக்கு தெரிகிறதா, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று பார்த்தார். கடந்த ஓராண்டில் இளைப்புக்காக ஸ்டீராய்டு மாத்திரை எடுத்தீர்களா என்று கேட்டார். அதிகம் எடுத்திருந்தால் உடம்பு தானாகச் சுரக்கும் ஹார்மோன் குறைந்திருக்கும், அறுவையின் போது அது தெரிந்திருக்க வேண்டும் என்றார். லேப்ராஸ்கோப்பியில் வயிற்றுக்குள் கரியமில வாயுவை நிரப்பி, தலைப்பக்கத்தைத் தாழ்த்திப் படுக்க வைப்பார்கள். அப்போது குடலும் வாயுவும் நுரையீரலை மேலே தள்ளும். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கு அது சிரமம். அதனால்தான் இத்தனை கேள்வி என்று விளக்கினார்.

அடுத்து அவர் கேட்டது ஆண்டுக்கணக்கில் யாரும் கேட்காதது: "வலி மாத்திரை போட்ட இரவுகளில் இளைப்பு கூடுகிறதா?"

மாதவிடாய் நாட்களில் எனக்கு இளைப்பு கூடும். அது டெல்லிக் காற்றால் என்று நான் எண்ணியிருந்தேன். ஆஸ்துமா உள்ளவர்களில் சிலருக்கு ஆஸ்பிரின், மெஃபெனமிக் அமிலம் போன்ற வலி மருந்துகள் மூச்சுக்குழலைச் சுருக்கிவிடும். வேறு சிலருக்கு மாதவிடாய்க்கு முந்தைய நாட்களிலேயே ஆஸ்துமா கூடும். என் இளைப்பு எதனால் என்று கண்டுபிடிக்க, மூச்சை வேகமாக ஊதி அளக்கும் பீக் ஃப்ளோ மீட்டர் ஒன்றை வாங்கி, காலையும் இரவும் ஊதிக் குறித்துவரச் சொன்னார். கையடக்கமான பிளாஸ்டிக் குழாய், பக்கவாட்டில் ஒரு சிவப்பு முள். ஊதியதும் முள் நகர்ந்து ஓர் எண்ணில் நிற்கும். ஒரு மாதவிடாய்ச் சுழற்சியில் வழக்கமான மெஃபெனமிக் அமில மாத்திரை, அடுத்த சுழற்சியில் வெறும் பாராசிட்டமால். பாராசிட்டமால் எடுத்த மாதத்தில் வலி தாங்க முடியாததாக இருந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் நள்ளிரவு இளைப்பு வரவில்லை. அந்த நோட்டுப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு என் கோப்பின் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் அந்த வகை வலி மருந்துகளைத் தவிர்க்க வேண்டும் என்று எழுதினார். பதினைந்து ஆண்டுகளுக்கும் மேலாக மாதம் தவறாமல் நான் விழுங்கிய மாத்திரை அது. 2023 இறுதியில் இந்திய மருந்தியல் ஆணையம் மெஃபெனமிக் அமிலத்தால் அரிதாக வரக்கூடிய கடுமையான ஒவ்வாமை பற்றி எச்சரிக்கை விடுத்தது. அப்படியும் மருந்துக் கடைகளில் சீட்டு இல்லாமலே கிடைக்கிறது.

நுரையீரல், தைராய்டு, கருப்பை மூன்றும் ஒரே உடம்பில்தான் இருக்கின்றன என்று கணக்கில் எடுத்துக்கொண்ட முதல் மருத்துவர் அவர். மயக்க மருந்து மருத்துவரை அறுவை அன்று மட்டும் பார்ப்பவராக நினைத்துவிடாதீர்கள். தனி நேரம் கேட்டு முன்கூட்டியே சந்தியுங்கள்.

முதல் தேதி நவம்பரில் இருந்தது. டெல்லியில் இருப்பவர்களுக்கு நவம்பர் என்றால் விளக்க வேண்டியதில்லை. தீபாவளிப் புகையும் வயலில் எரிக்கும் வைக்கோல் புகையும் குளிர்காற்றில் தேங்கி, காற்றுத் தரக் குறியீடு 400-ஐத் தாண்டியது. எனக்குச் சளி பிடித்து இளைப்பும் சேர்ந்துகொண்டது. மூச்சுக்குழல் தொற்றுக்குப் பிறகு சில வாரங்கள் காத்திருப்பதே பாதுகாப்பு என்று மயக்கவியல் மருத்துவர் தேதியைத் தள்ளிவைத்தார். திருக்குறள் எக்ஸ்பிரஸில் அம்மாவுக்கு எடுத்த டிக்கெட்டை ரத்து செய்தோம். அன்று இரவு அழுதேன். இன்னும் மூன்று மாதவிடாய் வரும் என்பதுதான் என் கண்ணில் நின்றது. ஆனால் அவர் செய்தது சரி என்று அப்போதே தெரியும்.

அந்த இடைவெளியில் காப்பீட்டு வேலை நடந்தது. நோயைக் கண்டறிவதற்காக மட்டும் மருத்துவமனையில் சேர்ந்தால் பணம் தர வேண்டியதில்லை என்ற விலக்கு, நம் நாட்டு மருத்துவக் காப்பீடுகளில் பொதுவாக இருக்கிறது. முன் அனுமதிப் படிவம் கேள்விகளோடு திரும்பி வந்தது. எத்தனை மாதம் மருந்து கொடுத்தோம், அது ஏன் பலிக்கவில்லை, நோய் தெரிந்தால் அதே அறுவையில் என்ன சிகிச்சை செய்யப்போகிறோம் என்று அறுவை மருத்துவர் விரிவான கடிதம் கொடுத்த பிறகு அனுமதி கிடைத்தது. அந்தக் கடிதத்தை முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

ஒப்புதல் படிவத்தை முன்கூட்டியே வீட்டுக்கு வாங்கி வந்து படித்தேன். இதே டெல்லியில் 1995-இல், வயிற்றின் உள்ளே பார்ப்பதற்காக லேப்ராஸ்கோப்பிக்குப் போன ஒரு பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே தாயாரின் சம்மதத்தை வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். அவருக்கும் எண்டோமெட்ரியோசிஸ். உயிருக்கு ஆபத்து இல்லாத நிலையில், கண்டறியக் கொடுத்த சம்மதம் சிகிச்சைக்குக் கொடுத்த சம்மதம் ஆகாது என்றும், வயது வந்த நோயாளிக்காக அவருடைய தாய் சம்மதம் தர முடியாது என்றும் 2008-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இது தெரிந்த பிறகு பொதுப்படையான படிவத்தில் கையெழுத்துப் போட எனக்கு மனம் வரவில்லை. அறுவை மருத்துவரிடம் கேட்டேன். அவர் கோபப்படவில்லை. திட்டுகள் தெரிந்தால் வெட்டி எடுத்துத் திசுப் பரிசோதனைக்கு அனுப்பலாம், கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றக் கூடாது, குடலில் ஆழமாக இருந்தால் படம் எடுத்துக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டும் என்று தன் கையால் எழுதினார். அதன் கீழே கையெழுத்துப் போட்டேன்.

எல்லாவற்றையும்விட என்னைத் தூங்கவிடாமல் செய்த பயம் ஒன்று இருந்தது. உள்ளே ஒன்றுமே இல்லை என்று சொல்லிவிட்டால்? அதன் பிறகு என் வலியை யார் நம்புவார்கள்? இதையும் அவரிடம் கேட்டேன். திட்டுகள் இல்லாவிட்டாலும் வலி பொய்யாகிவிடாது, கருப்பைத் தசைக்குள் வரும் அடினோமயோசிஸ், குடல், சிறுநீர்ப்பை, இடுப்புத் தசை என்று அடுத்துத் தேட வேண்டிய இடங்கள் இருக்கின்றன என்று வரிசையாகச் சொன்னார். ஒன்றும் இல்லை என்ற பதிலுக்கும் அடுத்த படி ஒன்று இருப்பது தெரிந்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

அம்மா பிப்ரவரியில் வந்தார். மலை மந்திரில் முருகனுக்கு வேண்டிக்கொண்டு விபூதியோடு வருவார். முந்தைய நாள் இரவு மூக்குத்தியைக் கழற்றுவதுதான் பெரும்பாடாக இருந்தது. மின்கருவியால் திசுவைச் சுடுவதால் உடம்பில் உலோகம் எதுவும் இருக்கக் கூடாது. வயதுக்கு வந்தபோது போட்ட மூக்குத்தி, திருகு இறுகிப் போயிருந்தது. அம்மா தேங்காய் எண்ணெய் விட்டு, நகத்தால் மெல்ல மெல்லத் திருப்பினார். "உன் பாட்டியும் மூன்று நாளும் சுருண்டுதான் கிடப்பார். அதெல்லாம் பெண் பிறவிக்கு உள்ளதுதான் என்று நாங்கள் விட்டுவிட்டோம்" என்றார். திருகு கழன்று வந்ததும் அதைத் தாலிக்கயிற்றின் ஊசியில் கோத்து வைத்துக்கொண்டார்.

அறுவைக்கு ஆறு மணி நேரத்துக்கு முன் சாப்பாட்டையும், இரண்டு மணி நேரத்துக்கு முன் தண்ணீரையும் நிறுத்தச் சொன்னார்கள். காலையில் தைராய்டு மாத்திரை ஒரு வாய்த் தண்ணீரோடு, இன்ஹேலர் வழக்கம்போல. மயக்க மருந்து ஏறுமுன் அந்த மருத்துவர் என் முகத்துக்கு நேராகக் குனிந்து, "இன்று காலை பீக் ஃப்ளோ எவ்வளவு?" என்று கேட்டார். சொன்னேன். அதற்கு மேல் நினைவில்லை.

கருப்பையின் பின்பக்கத் தசைநாரிலும் வயிற்றுச் சவ்விலும் திட்டுகள் இருந்தன. வெட்டி எடுத்தார்கள். திசுப் பரிசோதனையில் எண்டோமெட்ரியோசிஸ் உறுதியானது. சில வாரங்கள் கழித்து வந்த கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) முடிவில் காசநோய்க் கிருமி இல்லை. வயிற்றை விடத் தோள்பட்டைதான் முதலில் அதிகம் வலித்தது. உள்ளே மிஞ்சும் வாயு உதரவிதானத்தைச் சீண்டுவதால் அப்படி இருக்கும். மெதுவாக நடக்க நடக்கக் குறைந்தது. மூச்சுக்கு ஒன்றும் ஆகவில்லை.

திட்டுகள் மறுபடியும் வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். டையனோஜெஸ்ட் ஒத்துக்கொள்ளாததால் வேறு ஹார்மோன் சிகிச்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம். அடுத்த சந்திப்புக்கு முன் இரும்புச் சத்து இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும், தைராய்டு நிலையைக் காட்டும் டி.எஸ்.எச்.சும் பார்த்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்கள். முடிவுகளை மூன்று மருத்துவர்களுக்கும் அனுப்ப வேண்டும்.