பட்டாளத்துத் தாத்தாவின் பதக்கத்தைத் தேய்க்காதீர்கள்

'பர்மா சண்டைக்குப் போனவர்.' இரண்டாம் உலகப்போருக்குப் போன தாத்தாவைப் பற்றி நம் வீடுகளில் பெரும்பாலும் இவ்வளவுதான் தெரியும். டிரங்குப் பெட்டியில் அவர் பதக்கம் இருந்தால் மீதியை அது சொல்லும். ஆனால் நல்லநாளில் எடுத்துப் புளியோ பிராசோவோ போட்டுப் பளபளவென்று தேய்த்துவிடுகிறார்கள். தேய்க்கத் தேய்க்க எழுத்து மழுங்கும். அழுக்குப் போகிறது, கூடவே தாத்தாவின் பெயரும் போகிறது. வயிறு எரிகிறது.

வட்டப் பதக்கம் என்றால் விளிம்பையும், ஆறுமுனை நட்சத்திரம் என்றால் பின்பக்கத்தையும் பாருங்கள். இந்தியப் படையினருக்குக் கொடுத்த பலவற்றில் எண், பதவி, பெயர், பிரிவு பொறித்திருக்கும். உலர்ந்த மெல்லிய துணியால் தூசியை மட்டும் துடையுங்கள். அறையை இருட்டாக்கி, செல்போன் டார்ச்சைப் பக்கவாட்டில் படுக்கவைத்தாற்போல் பிடியுங்கள். நேராக அடித்தால் உலோகம் மின்னி ஒன்றும் தெரியாது. சாய்ந்த வெளிச்சத்தில் பள்ளத்தில் நிழல் விழுந்து எழுத்து எழும்பும். கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி நாலைந்து படம் எடுங்கள். 'மதராஸ்' என்ற சொல்லே இல்லையே என்று குழம்ப வேண்டாம். மதராஸ் சாப்பர்ஸ் எனும் ராணுவப் பொறியாளர் படையினருக்கு ஆங்கிலத்தில் 'ஐ.இ.' (I.E.) என்ற இரண்டு எழுத்து மட்டுமே இருக்கலாம். இந்தியன் இன்ஜினியர்ஸ் என்று பொருள். எண்ணை ஓர் இலக்கம் விடாமல் குறித்துக்கொள்ளுங்கள்.

ரிப்பன் போர்முனையைச் சொல்லும். நடுவில் அகலமான சிவப்பு, இருபக்கமும் கருநீலம், அந்த நீலத்துக்குள் ஆரஞ்சுக் கோடு என்றால் பர்மா ஸ்டார். 1941 டிசம்பர் 11 முதல் 1945 செப்டம்பர் 2 வரையிலான போருக்கு உரியது. இந்திய வரைபடம் பதித்த வட்டப் பதக்கம், இந்தியா சர்வீஸ் மெடல். அதோடு வார் மெடல் மட்டும் இருந்து, நட்சத்திரம் எதுவும் இல்லையென்றால் அநேகமாக அவர் போர்முனைக்குப் போகாமல் இங்கேயே பணியாற்றியிருப்பார். ஆனால் பழைய ரிப்பன் கிழிந்து வேறு மாட்டியிருக்கலாம். நட்சத்திரத்தின் நடு வளையத்தில் உள்ள பெயரையும் படித்துச் சரிபாருங்கள்.

படையிலிருந்து விடுவித்தபோது கொடுத்த டிஸ்சார்ஜ் புத்தகம் கிடைத்தால் லேமினேஷன் செய்யாதீர்கள். சூட்டில் பழைய காகிதம் பாழாகும், ஒட்டியதைப் பிரிக்கவும் முடியாது. எல்லாப் பக்கத்தையும் படமெடுத்து, மெட்ராஸ் ரெஜிமென்ட் என்றால் நீலகிரி வெலிங்டனிலும், சாப்பர்ஸ் என்றால் பெங்களூரிலும் உள்ள படைப்பிரிவு ஆவண அலுவலகத்துக்கு எண்ணோடு எழுதிக் கேளுங்கள்.

திரும்பி வராதவர் என்றால் காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் தேடலாம். ஒரே பெயரில் பல முனுசாமிகள் வருவார்கள். தகப்பன் பெயர், ஊர், மாவட்டம் சில பதிவுகளில் உண்டு, அதை வைத்துப் பிரிக்க வேண்டும். திருநெல்வேலி என்று தேடினால் கிடைக்காது, அன்றைய 'டின்னவேலி' (Tinnevelly) எழுத்துக்கூட்டலில் தேடுங்கள். வேலூர்ப் பக்கம் என்றால் வட ஆற்காடு. பர்மாவில் இறந்து கல்லறையே இல்லாதவர்கள் பெயர் ரங்கூனுக்கு வடக்கே, தௌக்யான் நினைவுத்தூண்களில் இருக்கிறது. அங்கே ஏறத்தாழ 27,000 பெயர்கள்.