இசட் ஸ்கோருக்குச் சேராத கடிதம்

எங்கள் முருங்கையின் ஒழுங்கைப் பக்கக் கொப்பு இனி இல்லை. வெட்டியது உள்ளூராட்சி சபை. வெட்டும்படி இங்கிலீஷில் எழுதிக் கேட்டவன் எங்கள் வீட்டுச் சின்னவன். அதைத் தபாலில் சேர்த்தவர் மாமா, என் வீட்டுக்காரரின் அப்பா. வீட்டுக்காரர், இவர், வழக்கம்போல ஒன்றும் நடக்காத மாதிரி பேப்பருக்குள் தலையை விட்டுக்கொண்டிருக்கிறார். துக்கம் காக்கிறது நான் மட்டும்தான்.

சின்னவனுக்கு அடுத்த மாதம் ஏ.எல். என்கிற உயர்தரச் சோதனை. கணிதப் பிரிவு. பள்ளிக்கூடமும் சோதனைக்குப் படிக்க விட்டுவிட்டார்கள். விடியப்புறம் எழும்பி இணைந்த கணிதம், பிறகு பௌதிகவியல் ரியூசன், மத்தியானம் இரசாயனவியல், இரவு திரும்பவும் இணைந்த கணிதம். இதற்குள் பொது ஆங்கிலத்துக்கு எங்கேயடா இடம் என்று கேட்டால் ஒரே பதில்: "அது இசட் ஸ்கோருக்குச் சேராது அம்மா." பல்கலைக்கழகத்துக்கு ஆள் எடுக்கிற புள்ளிக்கணக்குத்தான் இந்த இசட் ஸ்கோர். பொதுச் சாதாரண பரீட்சை என்றாலும் பரவாயில்லை. அதில் 30 புள்ளி எடுக்காவிட்டால் கம்பஸ் இல்லை என்ற பயமாவது இருக்கிறது. பொது ஆங்கிலத்துக்கு அந்தப் பயமும் கிடையாது. எஃப் எடுத்தாலும் பெறுபேற்றுத் தாளில் ஒரு மூலையில் பேசாமல் கிடக்கும்.

சரி, கணக்கில் கெட்டிக்காரனாகி இடமும் கிடைத்துக் கிளிநொச்சி அறிவியல் நகருக்கோ பேராதனைக்கோ மொரட்டுவைக்கோ போகிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே பொறியியல் முழுக்க இங்கிலீஷில்தானே? "அது போன பிறகு பாப்பம்." உள்ளே போவதற்கு இங்கிலீஷ் தேவையில்லை, போன பிறகு இங்கிலீஷைத் தவிர வேறொன்றும் இல்லை. இந்த ஏற்பாட்டை யோசித்துச் செய்தவர்கள் வீட்டில் ஏ.எல். எடுக்கிற பிள்ளை இருந்திருக்கவே மாட்டாது.

பொது ஆங்கில மாதிரிச் சோதனையில் 28 எடுத்துக்கொண்டு வந்தான். நானும் இவரும் அதை மெல்ல மறைக்கப் பார்த்தோம். சாய்மனைக் கதிரையில் நித்திரை கொண்டிருந்த மாமாவுக்கு மட்டும் எப்படித்தான் மூக்கில் வியர்த்ததோ தெரியாது.

"1823 இல வட்டுக்கோட்டையில செமினரி துவங்கின மண்ணடா இது. 1841 இல உதயதாரகை. ஒரே பேப்பரில தமிழும் இங்கிலீசும். சென்னைப் பல்கலைக்கழகத்தின்ர முதல் பட்டதாரி ஆர்? எங்கட சிறுப்பிட்டித் தாமோதரம்பிள்ளை! இந்த மண்ணில பிறந்து உனக்கு 28!"

"தாமோதரம்பிள்ளைக்கு இணைந்த கணிதத்துக்கு ரெண்டு ரியூசன் இருந்ததோ அப்பப்பா?"

அன்றைக்கே மாமா பொது ஆங்கிலத்தைப் பொறுப்பெடுத்துவிட்டார். மாமா ஒன்றைப் பொறுப்பெடுத்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கிணற்று மோட்டர் கதை ஒழுங்கை முழுக்கத் தெரியும்.

சனிக்கிழமை வகுப்பு சேர் ஒரு கடிதம் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார். உங்கள் பகுதி வீதியின் நிலை பற்றி உள்ளூராட்சி சபைத் தலைவருக்கு, ஏறக்குறைய 200 சொல்லில். சின்னவனுக்கு விசயம் பிரச்சினை இல்லை, சொல்தான் பிரச்சினை. ஒவ்வொரு பத்தாவது சொல்லுக்குக் கீழேயும் பென்சிலால் ஒரு புள்ளி வைத்துக்கொண்டே போனான். குழியைப் பற்றி எழுதினான், புள்ளிகள் போதவில்லை. குழியில் வயோதிபர்களை விழுத்தினான். பள்ளிக்கூடப் பிள்ளைகளைப் பிந்திப் போகவைத்தான். மின்கம்பத்தில் பல்ப் எரியவில்லை என்றான், அது உண்மைதான். நாய்களை விட்டுக் கலைத்தான், நுளம்பைப் பெருக்கி டெங்கு கொண்டுவந்தான். அப்போதும் 200 வரவில்லை. பேனையைக் கடித்துக்கொண்டு யன்னலால் பார்த்தவனுக்கு, படலைக்கு மேலால் ஒழுங்கைக்குள் நீட்டிக்கொண்டு நின்ற எங்கள் முருங்கைக் கொப்பு தெரிந்திருக்கிறது.

"மோர்ஓவர், த பிராஞ்சஸ் ஒஃப் எ ட்ரம்ஸ்ரிக் ட்ரீ ஆர் டிஸ்ரேபிங் த பப்ளிக்."

புள்ளிக் கணக்கு நிறைந்துவிட்டது.

பிறகு சிவப்புப் பேனையோடு மாமா வந்தார். தொடக்கத்தில் 'ஐ பெக் ரு ஸ்ரேற்' போட்டே ஆகவேண்டும் என்றார். முடிவில் 'யுவர் ஒபீடியன்ற் சேர்வன்ற்'. அப்படியெல்லாம் எழுதினால் சேர் புள்ளி வெட்டுவார் என்று அவன் சொல்ல, வெள்ளைக்காரன் வெட்டாததை உன்ரை சேர் வெட்டுவாரோ என்று மாமா கேட்க, இரண்டு பேரின் சத்தத்தில் குசினியில் பால் பொங்கி ஊற்றியதையே நான் கவனிக்கவில்லை. கடைசியில் முதலாவதை விட்டுக்கொடுத்து இரண்டாவதை மாமா வென்றார்.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மாமா பென்சன் எடுத்தாரே தவிர, தபால் கந்தோரை விட்டு இன்னும் வெளியே வரவில்லை. 15 ரூபாவாக இருந்த கடிதச் செலவை 2022 இல் ஒரே அடியில் 50 ரூபா ஆக்கினார்களே, அன்றைக்கு மனுசன் மத்தியானச் சாப்பாடு சாப்பிடவில்லை. அப்படிப்பட்டவர் கையில் விலாசம், திகதி, விளிப்பு, கையொப்பம் எல்லாம் சரியாக இருக்கிற ஒரு கடிதத்தைக் கொடுத்துவிட்டு, அது கொப்பிக்குள்ளேயே கிடக்கும் என்று நினைக்கலாமா? எழுத்து திருந்துவதற்கு என்று சொல்லி அவனைக்கொண்டு வெள்ளை ஒற்றையில் திரும்ப எழுதுவித்தார். அடியில் பிரதிகள் வேறு: ஆளுநருக்கு, அரசாங்க அதிபருக்கு, பிரதேச செயலாளருக்கு. சோதனையில் இதற்கெல்லாம் புள்ளி உண்டு என்று அந்த விசரனும் நம்பி எழுதிக் கொடுத்திருக்கிறான். அடுத்த நாள் பின்னேரம் மாமா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மருந்துக் குளிசை வாங்க என்றுதான் எனக்குச் சொல்லப்பட்டது.

நேற்று வெள்ளிக்கிழமை. குசினியில் பருப்பு அவிந்துகொண்டிருக்கிறது. முருங்கைக்காய்க் குழம்புக்குப் புளி கரைத்து வைத்துவிட்டு, கொக்கத்தடியோடு முற்றத்துக்கு இறங்குகிறேன், படலையில் ரக்ரர் சத்தம். முன்னால் மோட்டார் சைக்கிளில் ஒரு தம்பி, கையில் ஃபைல். ரக்ரர் பெட்டியில் கத்தியும் கயிறுமாக நாலைந்து பேர். ஒரு கணம் எனக்குச் சந்தோசம். நானும் மூலை வீட்டு அக்காவும் ஒழுங்கை முழுக்கக் கையெழுத்து வாங்கி, அந்தப் பல்புக்காகத் தமிழில் கொடுத்த மனுக்களை அடுக்கினால் ஏணி தேவையில்லை, அதில் ஏறி நாங்களே பல்ப் மாட்டலாம். ஒன்றுக்காவது விடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"இங்கிலீசில கடிதம் போட்டவர் ஆர் அக்கா? வெளிநாட்டில இருந்து வந்து நிக்கிறாரோ?"

சின்னவன் சாரத்தோடு, வாயில் பற்தூரிகையோடு பின்னால் வந்து நின்றான். அந்தத் தம்பி அவனை மேலும் கீழும் பார்த்தார். முகத்தில் பெரிய நிம்மதி.

"உண்மையைச் சொல்லுறன் அக்கா. கந்தோரில எல்லாரும் வாசிச்சனாங்கள். முதல் பந்தி விளங்கினது. அங்கால கொஞ்சம் கரைச்சல். ஆளுநருக்கும் பிரதி போயிருக்கு எண்டு கிடக்கு. விளங்கேல்லை எண்டு மேல எழுதவும் ஏலாது. அதுதான், நேரில போய்ப் பாத்தா விளங்கும் எண்டு ரெக்னிக்கல் ஒபிசர் அனுப்பினவர்."

"நீங்கள் ஏ.எல். செய்த ஆள்தானே தம்பி?"

"எங்கட காலத்திலயும் அது இசட் ஸ்கோருக்கு இல்லை அக்கா."

ஃபைலைத் திறந்தார். சின்னவனின் கடிதம்தான். கடினமான சொற்களுக்கு மேலே பென்சிலால் தமிழ் எழுதியிருந்தது. ஒரே கையெழுத்தும் இல்லை. இரண்டு மூன்று பேர் மேசை மேசையாகக் கொண்டுதிரிந்து உழைத்திருக்கிறார்கள். நான் கொடுத்த மனுக்களை ஒரு தரமாவது இப்படிப் படித்திருப்பார்களா? தமிழில் இருந்ததால் பார்த்த உடனே விளங்கியிருக்கும், விளங்கியதால் உடனே மூடியும் வைத்திருப்பார்கள். 'ட்ரம்ஸ்ரிக் ட்ரீ' க்குக் கீழே மட்டும் இரண்டு கோடு.

"றோட்டுக்கு நிதி வரவேணும். பல்ப் இப்ப இருப்பில இல்லை. நாய் எங்கட கையில இல்லை. முருங்கை மட்டும்தான் உடன செய்யக்கூடியது. மழைக்கு முதல் வெட்டினா நல்லதுதானே."

"தம்பி, அது எங்கட முருங்கை!"

"முறைப்பாடும் உங்கட விலாசத்தில இருந்துதானே அக்கா வந்திருக்கு?"

"நாங்கள்தானே எழுதினம். இப்ப நாங்களே வேண்டாம் எண்டுறம்."

"அப்பிடியெண்டா எழுத்தில தாங்கோ." கொஞ்சம் யோசித்தார். "தமிழில தாங்கோ."

எழுதிக் கொடுக்க நான் ஒற்றை தேடப் போக, கொப்பு விழுந்த சத்தம் கேட்டது. பூவும் பிஞ்சுமாக நின்ற கொப்பு. முருங்கைக்கு என்ன, நாலு கொத்தில் வந்துவிடும். வேலி ஒரு சாண் அரக்கினால் பேரப்பிள்ளை காலம் வரைக்கும் வழக்குப் பேசுகிற இந்த ஊரில், சொந்த மரத்துக்கு எதிராக, சொந்த விலாசத்தில், பதிவுத் தபாலில் முறைப்பாடு கொடுத்த குடும்பம் நாங்கள் ஒன்றாகத்தான் இருக்கும்.

மாமா? வெள்ளை வேட்டியும் சேட்டும் போட்டுக்கொண்டு வந்து எல்லாருக்கும் தேத்தண்ணி ஊற்றச் சொன்னார். கொப்பை நிமிர்ந்தும் பார்க்கவில்லை. அவருக்குத் தெரியவேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"கடிதம் எத்தினையாம் திகதி கிடைச்சது தம்பி?"

அந்தத் தம்பி உறையைக் காட்ட, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு கந்தோரில் குத்தியிருந்த, கடிதம் வந்த திகதியைப் பார்த்தார். "பறவாயில்லை, சுணக்காமல் குடுத்திருக்கிறாங்கள்" என்று ஒரு திருப்தி. என் குழம்பு போனது, புளி கரைத்தபடி கிடக்கிறது, தபால் சேவை நன்றாக நடக்கிறதாம்.

வெட்டியவர்கள் கொப்பை ஏற்றிக்கொண்டாவது போனார்களா? ரக்ரர் கொண்டுவந்தது எதற்கு என்று எனக்கு இன்னும் தெரியாது. ஒழுங்கைக்குக் குறுக்கே அப்படியே போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இப்போது உண்மையிலேயே பப்ளிக் டிஸ்ரேப் ஆகிறது. பின்வீட்டு ஆடு ஒரு பக்கத்தில் நின்று தின்ன, மறு பக்கத்தில் மூலை வீட்டு அக்கா வறைக்கு இலை உருவிக்கொண்டு, "முருங்கை வெட்ட வெட்டத்தானே பிள்ளை தழைக்கும்" என்று எனக்கு ஆறுதல் சொன்னார். இலை நிறைந்த கையோடு, சுவிஸில் இருக்கும் மகளின் விசா விசயமாகச் சின்னவன் ஒரு கடிதம் எழுதித் தருவானா என்றும் கேட்டுவிட்டுப் போனார். ஆளுநருக்குப் பிரதி போட்டால் நல்லதாம்.

இன்றைக்கு வகுப்பில் சேர் கொப்பியைத் திருத்திக் கொடுத்திருக்கிறார். பத்துக்கு ஆறு. சொந்தப் பெயரும் விலாசமும் சோதனைத் தாளில் எழுதக்கூடாது என்று சிவப்பால் எழுதிப் புள்ளி வெட்டியிருக்கிறார். மற்றப் பகுதிக்கு 'நல்ல கற்பனை' என்று ஒரு சரி. 'ஒபீடியன்ற் சேர்வன்ற்' க்கும் வெட்டு. மாமாவுக்கு அதை இன்னும் காட்டவில்லை.

வந்தவன் ரியூசன் பையை எறிந்துவிட்டு விறாந்தையில் குந்தினான். கேட்டால் கோபம். சாப்பிடக் கூப்பிட்டால் கோபம். கொஞ்ச நேரம் கழித்துப் பார்க்கிறேன், ஒற்றை ஒன்றை மடியில் வைத்து எழுதிக்கொண்டிருக்கிறான். இணைந்த கணிதமாக்கும் என்று நினைத்தேன். சபைக்குத்தான், இங்கிலீஷில். கீழே பென்சில் புள்ளி ஒன்றும் இல்லை. மோர்ஓவர் இல்லை. அரைப் பக்கம்கூட வராது. கொப்பை எடுக்கவில்லை, பல்ப் போடவில்லை, நாங்கள் கேட்டது வெளிச்சம் என்று நேராக எழுதியிருந்தான். எனக்கே தெரிகிற பிழைகள் இருந்தன. நடுவில் ஒரு வரி: "மை கிராண்ட்மதர் பிளான்ரட் திஸ் ட்ரீ."

மாமி எங்கேயோ ஒரு கலியாண வீட்டுக்குப் போன இடத்தில், பட்டுச் சேலையோடு ஒரு முருங்கைத் தடியையும் பஸ்ஸில் கொண்டுவந்து ஊன்றியது அது. அவனுக்கு அந்தக் கதை தெரியும் என்றே எனக்குத் தெரியாது.

மாமா சிவப்புப் பேனையைக் கழற்றிக்கொண்டுதான் வந்தார். நின்றபடியே வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பேனையை மூடிச் சேட்டுப் பையில் குத்திக்கொண்டு, "இதில நான் கை வைக்க ஒண்டும் இல்லை" என்றார். பிழைகள் பிழைகளாகவே கிடந்தன. உறை தேடி எடுத்து, விலாசத்தை மட்டும் தன் கையால் எழுதினார்.

"பிரதி ஆருக்கும் வேண்டாம் அப்பப்பா."

"வேண்டாம்."

முத்திரைக் காசு 50 ரூபாவை என் கைப்பைக்குள் இருந்து எடுத்துக்கொண்டு சைக்கிளைத் தள்ளினார். பதிவுத் தபால் என்றால் 50 ரூபாவோடு முடியாதென்று படலையடியில் நினைவு வந்து, திரும்பி வந்து இன்னும் ஒரு தாள் எடுத்தார். மிச்சக் காசு இன்னும் வரவில்லை.