போரோபுதூர்: கல்லில் நடக்கும் சுதனன்

இந்தோனேசியாவின் ஜாவாத் தீவில் உள்ள பௌத்தக் கோயிலான போரோபுதூருக்குப் போகிறவர்கள் அதற்கு முன்னால் மெந்துத் கோயிலைப் பார்த்துவிடுவது நல்லது. கிழக்கே மூன்று கிலோமீட்டர் தூரம்தான். மெந்துத், பாவோன், போரோபுதூர் மூன்றும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் அமைந்தவை. வைசாக பௌர்ணமி ஊர்வலம் இன்றும் மெந்துத்தில் புறப்பட்டு இந்த வழியாகத்தான் போகிறது. மெந்துத் நம் கண்ணுக்குப் பழகிய மாதிரிக் கோயில். படியேறினால் வாசல், உள்ளே இருட்டான கருவறை, அதில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்த மூன்று மீட்டர் உயரப் புத்தர். இரு பக்கமும் போதிசத்துவர்களான அவலோகிதேசுவரரும் வஜ்ரபாணியும். காலடியில் யாரோ வைத்துவிட்டுப் போன பூக்களும் ஊதுவத்திச் சாம்பலும் இருந்தன. அப்பா செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பி வெகுநேரம் நின்றார்.

போரோபுதூர் வாசலில் அதே அப்பா என்னிடம் கேட்டார்: "இதுல சாமி எங்கம்மா இருக்கு?"

கேட்க வேண்டிய கேள்விதான். இங்கே கருவறை கிடையாது. நுழைவதற்கு 'உள்ளே' என்று ஒன்றே கிடையாது. கெது சமவெளியில் இயற்கையாக இருந்த ஒரு குன்றின் மேல் கல்லால் மூடிய மலை இது. கீழே சதுரமாக ஆறு தளம், மேலே வட்டமாக மூன்று தளம், உச்சியில் ஒரு பெரிய ஸ்தூபம். வழிபாடு என்றால் வலம் வருவது. ஒரு தளத்தைச் சுற்றி முடித்துப் படியேறி அடுத்த தளத்தைச் சுற்ற வேண்டும். பிராகாரம் மட்டுமே உள்ள கோயில் என்று அப்பாவிடம் சொன்னேன். சற்று யோசித்து, "அப்ப நடந்தாத்தான் சாமி" என்றார்.

கட்டியவர்கள் அப்போது ஜாவாவை ஆண்ட சைலேந்திர அரச குலத்தவர். காலம் எட்டாம் நூற்றாண்டின் இறுதியும் ஒன்பதாம் நூற்றாண்டின் தொடக்கமும். கல் நம் ஊர்க் கருங்கல் இல்லை, சுற்றியுள்ள எரிமலைகள் கொடுத்த சொரசொரப்பான கல். சுமார் 55,000 கன மீட்டர் கல்லைச் சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று பூட்டி அடுக்கியிருக்கிறார்கள். வடகிழக்கில் மெராபி எரிமலை. 2010இல் அது வெடித்தபோது கோயில் முழுக்கச் சாம்பல் படிந்து, மாதக்கணக்கில் கையால் துடைத்து எடுத்தார்கள். தெற்கே மெனோரே மலைத்தொடர். கோயிலை வடிவமைத்த குணதர்மன் அங்கே மல்லாந்து படுத்திருக்கிறான் என்பது உள்ளூர்க் கதை. அந்த மலைமுகட்டில் அவனுடைய மூக்கையும் மோவாயையும் காட்டுவார்கள். நன்றாகவே தெரிகிறது.

இப்போது மேலே ஏறக் கட்டுப்பாடுகள் உண்டு. நாங்கள் போனபோது ஒரு நாளைக்கு 1,200 பேர்தான். நேரம் குறித்த சீட்டு, கூடவே வழிகாட்டி. நம் செருப்பைப் பையில் போட்டுவிட்டு, அவர்கள் தருகிற தாழை ஓலைச் செருப்பைப் போட்டுக்கொள்ள வேண்டும். லட்சக்கணக்கானவர்களின் காலணி தேய்த்துப் படிக்கட்டுகள் குழிந்துபோனதால் வந்த ஏற்பாடு. நாங்கள் போனபோது சீட்டு வெளிநாட்டவருக்கு 4,55,000 ரூபியா. கொஞ்சம் அதிகம்தான். ஆனாலும் இந்தக் கட்டுப்பாட்டை நான் மனதார ஆதரிக்கிறேன். சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுத்துவிடுங்கள். எந்தெந்த நாளில் மேலே ஏற விடுகிறார்கள் என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏறுவதற்கு முன் தென்கிழக்கு மூலைக்குப் போங்கள். அடித்தளத்தைச் சுற்றி ஒரு பெரிய கல் மேடை இருக்கிறது. அது பிறகு சேர்க்கப்பட்டது. அதற்குப் பின்னால் இன்னொரு அடித்தளமும் அதில் 160 சிற்பங்களும் மறைந்திருப்பது 1885இல்தான் தெரியவந்தது. 1890களின் தொடக்கத்தில் காசியன் செஃபாஸ் என்ற ஜாவானியப் புகைப்படக்காரர் எல்லாவற்றையும் படம் எடுத்த பிறகு கற்களைத் திரும்ப அடுக்கி மூடிவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் ஆண்ட காலத்தில் திறந்த இந்த மூலை மட்டும் திறந்தபடியே இருக்கிறது. குன்று சரியாமல் இருக்க முட்டுக்கொடுத்தார்கள் என்கிறார்கள் சிலர். ஆசையும் வினைப்பயனும் நிறைந்த உலகம் கண்ணில் படக்கூடாது என்று மூடினார்கள் என்கிறார்கள் வேறு சிலர். முட்டுக்கொடுத்தது என்பதே எனக்குப் பொருந்துகிறது. மறைப்பதற்காகவா இவ்வளவு பொறுமையாகச் செதுக்குவார்கள்?

மறைந்த சிற்பங்கள் எல்லாம் வினையும் பயனும் பற்றியவை. ஒரு பலகையில் மீனையும் ஆமையையும் பானையில் போட்டுச் சமைக்கிறார்கள். பக்கத்திலேயே, சமைத்தவர்கள் நரகத்துக் கொப்பரையில் வேகிறார்கள். மூலையில் தெரிகிற ஒரு பலகைக்கு மேலே 'விரூப' என்று சின்னதாகப் பொறித்திருக்கிறது. அவலட்சணமான முகங்கள் செதுக்க வேண்டிய இடம் என்று சிற்பிக்கு எழுதிய குறிப்பு. பல்லவ எழுத்திலிருந்து பிறந்த பழைய ஜாவானிய எழுத்து அது. காஞ்சியிலும் மாமல்லையிலும் பார்த்த எழுத்தின் பேரப்பிள்ளை. அந்த இடத்தை விட்டு அப்பாவை நகர்த்துவது சிரமமாகிவிட்டது. பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தி ஓய்வு பெற்றவர். எழுத்தைக் கண்டால் நின்றுவிடுவார்.

முதல் சுற்றுக்கு ஏறும் வாசலின் தலையில் கீர்த்திமுகம், இரு பக்கமும் மகரம். உள்ளே நுழைந்ததும் வெளியுலகம் மறைந்துவிடுகிறது. இடது கைப்பக்கம் உயரமான கைப்பிடிச் சுவர், வலது கைப்பக்கம் பிரதானச் சுவர், தலைக்கு மேல் வானம். இரண்டு சுவரிலும் சிற்பம். சதுரத்தின் ஓரங்கள் மடிந்து மடிந்து போவதால் அடுத்த திருப்பத்துக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று தெரியாது. பிரதானச் சுவரின் கதைகள் வலமிருந்து இடமாகப் போகின்றன, கைப்பிடிச் சுவரில் இருப்பவை இடமிருந்து வலமாக. வலம் வருகிறவருக்கு இரண்டும் நடக்கிற திசையிலேயே விரியும்.

முதல் சுற்றின் மேல் வரிசையில் 120 பலகைகளில் புத்தரின் வாழ்க்கை, லலிதவிஸ்தரம் என்ற பௌத்த நூல் சொல்கிறபடி. பிறப்பதற்கு முன் அவர் இருந்த துஷித லோகத்தில் தொடங்குகிறது. மாயாதேவியின் கனவு, லும்பினி, நள்ளிரவில் அரண்மனையை விட்டு வெளியேறுவது, மாரனின் படை எல்லாம் வருகின்றன. சாரநாத்தின் முதல் உபதேசத்தோடு முடிந்துவிடுகிறது. மரணம் இல்லை. கீழ் வரிசையிலும் எதிர்ச் சுவரிலும் புத்தரின் முற்பிறவிகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளும், மற்றவர்களின் நற்செயல்களைச் சொல்லும் அவதானக் கதைகளும். எனக்கு அவற்றில் மிகவும் பிடித்தவை சும்மா ஓரத்தில் வருகிற விஷயங்கள்: குடம் சுமக்கும் பெண்கள், தூண்களின் மேல் நிற்கும் வீடுகள், மத்தளம் வாசிப்பவர், மரத்தில் குரங்கு. கதை கபிலவஸ்துவில் நடக்கிறது. ஆட்கள் எல்லோரும் ஜாவாக்காரர்கள்.

பெரும்பாலான வழிகாட்டிகள் இந்த முதல் சுற்றில் ஏழெட்டுச் சிற்பங்களைக் காட்டிவிட்டு நேராக உச்சிக்கு அழைத்துப் போய்விடுகிறார்கள். ஒரு மணி நேரத்துக்குள் இறங்க வேண்டும், படம் எடுக்க எல்லோருக்கும் மேலே போக வேண்டும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அப்படிப் போனால் இரண்டாம், மூன்றாம், நான்காம் சுற்றுகள் கண்ணில் படாமலேயே போய்விடும். அங்கேதான் இந்தக் கோயிலின் உயிர் இருக்கிறது என்பது என் எண்ணம். அதற்காகவே மறுநாளும் சீட்டு எடுத்தேன்.

அங்கே இருப்பது சுதனன் கதை. கண்டவியூக சூத்திரம் என்ற மகாயான பௌத்த நூலின் நாயகன். வணிகர் வீட்டுப் பிள்ளை. ஞானத்தின் போதிசத்துவரான மஞ்சுஸ்ரீ அவனை ஓர் ஆசிரியரிடம் அனுப்புகிறார். அந்த ஆசிரியர், "எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான், மேற்கொண்டு இன்னாரிடம் போய்க் கேள்" என்று அடுத்தவரிடம் அனுப்புகிறார். இப்படியே ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆசிரியர்கள். அதில் துறவிகள் உண்டு. அரசன், வாசனைத் திரவிய வணிகர், கப்பலோட்டி, கணிகை, மணலில் விளையாடும் சிறுவன் எல்லோரும் உண்டு. இவர் உயர்வு, இவர் தாழ்வு என்று சுதனன் பார்ப்பதே இல்லை. எல்லோர் முன்னாலும் அதே பணிவோடு கைகூப்புகிறான்.

இந்தப் பயணத்துக்கு இங்கே ஒதுக்கிய பலகைகள் 460. கோயிலில் கதை சொல்லும் பலகைகள் மொத்தம் 1,460. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! புத்தரின் சொந்த வாழ்க்கைக்கே 120தான். ஊர் ஊராகப் போய்க் கேட்டுத் தெரிந்துகொள்ளும் ஒரு பயணிக்கு இவ்வளவு சுவரைக் கொடுத்த கோயிலை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

முதலில் பார்க்கும்போது ஒன்றுபோலவே தோன்றும். ஆசிரியர் மேடையில் இருப்பார். எதிரே சுதனன் குடையும் பரிவாரமுமாக, கைகூப்பி. அடுத்த பலகையிலும் அதுவே. பத்துப் பதினைந்து பலகை தாண்டியபிறகுதான் கண் பழகுகிறது. மண்டபம் மாறுகிறது, மரம் மாறுகிறது, ஆசிரியரின் உட்காரும் விதம் மாறுகிறது. கூப்பிய கை மட்டும் மாறுவதில்லை.

சூத்திரப்படி சுதனன் போவது பெரும்பாலும் தெற்கே. இலங்கைக்குப் போகும் வழியில் கடற்கரையில் ஒரு பிக்குவைப் பார்க்கிறான். அவர் அனுப்புவது திராவிட நாட்டு வஜ்ரபுரத்தில் இருக்கும் மேகனிடம். மேகன் ஊருக்கு நடுவே உயர்ந்த ஆசனத்தில் அமர்ந்து எழுத்துக்களைப் பற்றிய தர்மத்தைப் போதிப்பவர். தான் ஞானத்தை நாடிப் புறப்பட்டவன் என்று சுதனன் சொன்னதும் அந்த ஆசிரியர் ஆசனத்திலிருந்து இறங்கி அவன் காலில் விழுகிறார். கற்றுக்கொள்ள வந்தவனுக்குக் கற்பிப்பவர் செய்யும் வணக்கம்! அதைச் செய்தவர் ஒரு திராவிடர் என்று அந்த நூல் எழுதிவைத்திருக்கிறது. பிறகு சுதனன் போதலக மலையில் அவலோகிதேசுவரரைக் காண்கிறான். அந்த மலை நம் பொதிகைதான் என்று சொல்லும் ஆய்வாளர்கள் உண்டு. நான் இதைச் சொல்லச் சொல்ல அப்பா ஒவ்வொரு பலகையாக, "இவரு மேகனா? இவரு மேகனா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். வழிகாட்டியாலும் உறுதியாகக் காட்ட முடியவில்லை. பரவாயில்லை. எல்லா ஆசிரியரையும் மேகனாகவே நினைத்துக் கும்பிட்டுக்கொண்டு நடந்தோம்.

நான்காம் சுற்றிலிருந்து கடைசிப் படிகளில் ஏறியதும் சுவர் இல்லை, கதை இல்லை, அலங்காரம் இல்லை. வட்டத் தளங்கள். 32, 24, 16 என்று மூன்று வளையங்களில் 72 ஸ்தூபங்கள். ஒவ்வொன்றும் கல்லால் ஆன கூண்டு, துளைகளுக்குள்ளே தர்மசக்கர முத்திரையோடு ஒரு புத்தர். கீழே நெருக்கமான சுவர்களுக்கிடையில் நடந்து வந்தால்தான் இந்த வெட்டவெளி என்னவென்று புரியும். நேராக மேலே வந்தவர்களுக்கு இது ஒரு நல்ல மொட்டைமாடி. நடந்து வந்த எனக்கு மூச்சு நின்றுவிட்டது. உச்சியில் உள்ள பெரிய ஸ்தூபம் வெறுமையாக இருக்கிறது. சுற்றிலும் மலைகள்.

மனதை வருத்தியவையும் உண்டு. கோயிலில் முதலில் இருந்த புத்தர் சிலைகள் 504. அவற்றில் முந்நூற்றுக்கும் மேற்பட்டவை சிதைந்தவை, பெரும்பாலும் தலையில்லாதவை. நாற்பதுக்கும் மேல் இல்லவே இல்லை. தலைகள் உலகின் அருங்காட்சியகங்களில் சிதறிக் கிடக்கின்றன. 1896இல் சயாம் மன்னர் சூலலாங்கோர்ன் வந்தபோது, டச்சு அரசு எட்டு வண்டிச் சிற்பங்களை எடுத்துப்போக அனுமதித்தது. 1985 ஜனவரியில் குண்டு வைத்ததில் ஒன்பது ஸ்தூபங்கள் சேதமடைந்தன. இத்தனைக்கும் நடுவில் இதைக் காப்பாற்றியவர்களையும் நினைக்க வேண்டும். மழைநீர் குன்றுக்குள் இறங்கிச் சுவர்கள் சாய்ந்துகொண்டிருந்தன. 1975 முதல் 1983 வரை யுனெஸ்கோ உதவியோடு சதுரத் தளங்களைப் பிரித்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கற்களைக் கையாண்டு, அடியில் கான்கிரீட்டும் வடிகாலும் போட்டுத் திரும்ப அடுக்கினார்கள். எங்களுடன் வந்த வழிகாட்டியின் தாத்தா அதில் கல் சுமந்தவராம். ஐந்து வேளையும் தொழுகிற முஸ்லிம் குடும்பம். "இது எங்கள் தாத்தன் பாட்டன் கட்டியது" என்று அவர் சொன்னபோது குரலில் எந்தத் தயக்கமும் இல்லை.

இறங்கியதும் வளாகத்திலேயே இருக்கும் இரண்டு அருங்காட்சியகங்களைப் பாருங்கள். ஒன்றில் செஃபாஸ் எடுத்த, மறைந்த அடித்தளத்தின் படங்கள். இன்னொன்றில் ஒரு முழுக் கப்பல். முதல் சுற்றில் பக்கமிதவைகளோடு செதுக்கியிருக்கும் பாய்மரக் கப்பலைப் பார்த்து, அதேபோல மரத்தால் கட்டி, 2003இல் ஜகார்த்தாவிலிருந்து புறப்பட்டு, ஆப்பிரிக்காவைச் சுற்றிக் கானா வரை ஓட்டிப்போனார்கள். அந்தக் கப்பல்தான் இங்கே நிற்கிறது.

அப்பாவும் நானும் அதன் முன்னால் பேசியது நாகப்பட்டினத்தைப் பற்றி. எங்கள் ஊர். சைலேந்திரர்கள் ஜாவாவில் செல்வாக்கு இழந்து சுமத்ராவின் ஸ்ரீவிஜய அரசுக்குப் போனபிறகு, அந்தக் குலத்தில் வந்ததாகச் சொல்லிக்கொண்ட ஸ்ரீமாறவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் தன் தந்தை பெயரால் சூடாமணி விகாரம் எழுப்பினான். ராஜராஜ சோழன் அதற்கு ஆனைமங்கலம் கிராமத்தைப் பள்ளிச்சந்தமாக, அதாவது சமயக் கொடையாக, கொடுத்தது லெய்டன் செப்பேட்டில் இருக்கிறது. ஊரில் எஞ்சியிருந்த பழைய பௌத்தக் கோபுரத்தை 1867இல் இடித்துவிட்டார்கள். அப்பா அந்தப் பாடத்தை எத்தனையோ வருஷம் வகுப்பில் நடத்தியிருக்கிறார். காட்டுவதற்கு அவரிடம் ஒரு கல்கூட இருந்ததில்லை.

நாகப்பட்டினத்து மண்ணில் கிடைத்த முந்நூற்றுக்கும் மேற்பட்ட பௌத்தச் செப்புத் திருமேனிகளில் பல சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஜாவா போக நினைப்பவர்கள் புறப்படுவதற்கு முன் ஒரு காலை வேளையை அங்கே செலவிடுங்கள்.