பாலிக் புலாவுக்கு அரை நாள்
பினாங்கிலேயே பிறந்து வளர்ந்துவிட்டு, அதே தீவிலுள்ள பாலிக் புலாவைச் சுற்றிப் பார்க்கக் காசு கொடுத்து வேனில் போகிறாயே என்று அண்ணன் கிண்டல் செய்தான். சரி, இருக்கட்டும். டுரியான் சீசனில் போய்ப் பழத்தைத் தின்றுவிட்டுத் திரும்புவதைத் தவிர அங்கே நாம் வேறு என்ன பார்த்திருக்கிறோம்?

மொத்தம் ஏழு பேர். ஜாலான் துன் சார்டோன் மலைச்சாலையின் வளைவுகளில் அம்மாவுக்குத் தலை சுற்றியது, அதைச் சொல்லாமல் விட முடியாது. ஆனால் ஜாதிக்காய்த் தோப்பில் இறங்கியதும் எல்லாம் மறந்துவிட்டார். பழத்தைப் பிளந்தால் உள்ளே கொட்டையைச் சுற்றிச் சிவப்பு வலை மாதிரி ஒன்று; அதுதான் நாம் பிரியாணியில் போடும் ஜாதிபத்திரி என்று வழிகாட்டி சொன்னபோது, இத்தனை வருடம் சமைத்தும் இது தெரியாதே என்று அம்மா அதைக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனி காலத்தில் மொலுக்காஸ் தீவுகளிலிருந்து வந்த மரமாம், 1860களில் நோய் விழுந்து தோட்டங்கள் அழிந்தனவாம். 2009ல் இடிக்கப்பட்ட நம் தமிழர் கிராமமான கம்போங் புவா பாலாவின் மலாய்ப் பெயரிலும் இருப்பது இதே ஜாதிக்காய்தான், அதைக் கேட்டதும் வேனில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

டுரியான் மரங்களுக்கு அடியில் வலை கட்டியிருந்தார்கள், பறிப்பதில்லை, பழுத்துத் தானாக விழுவதுதான். அப்புறம் வயல்வெளி, ஒரே பச்சை. அங்கே பத்து நிமிடம்தான் கொடுத்தார்கள், அதுதான் கடுப்பு.

கடைசியில் லக்சா, மீன் குழம்பில் போட்ட நூடுல்ஸ். அம்மாவும் ஒரு கிண்ணம் முழுக்கச் சாப்பிட்டார், தலை சுற்றலாவது ஒன்றாவது.