சிகாகோ சுவரில் எழுதிய பெயர்கள்

முதலில் நான்கு ஆட்டங்களை வெல்லும் அணிக்கே பட்டம் என்ற 2016 அமெரிக்கப் பேஸ்பால் உலகத் தொடரில், சிகாகோ கப்ஸ் அணிக்கு எதிரான முதல் நான்கு ஆட்டங்களில் மூன்றைக் கிளீவ்லாந்து அணி வென்றபோது, தொடர் முடிந்துவிட்டது என்றே நான் கணித்தேன். ஆனால், 1908-க்குப் பிறகு ஒருமுறைகூட அந்தப் பட்டத்தை வெல்லாத கப்ஸ் அணியின் ரசிகர்களுடைய பற்று, கணிப்புகளைச் சார்ந்ததாக இருக்கவில்லை. அந்த நாட்களில் கப்ஸின் சொந்த மைதானமான ரிக்லி ஃபீல்டின் செங்கல் சுவரில், வெற்றியைக் காணாமலேயே மறைந்த தந்தையர், பாட்டனார், பாட்டியர் ஆகியோரின் பெயர்களை மக்கள் வண்ணச் சுண்ணக்கட்டியால் எழுதினார்கள். அந்தப் படங்களை இப்போது பார்த்தாலும் எனக்குக் கண் கலங்குகிறது.

அடுத்த இரண்டு ஆட்டங்களையும் சிகாகோ வென்று தொடரைச் சமன்செய்தது. நவம்பர் 2 அன்று நடந்த ஏழாவது ஆட்டத்தின் எட்டாவது இன்னிங்ஸில் கிளீவ்லாந்து வீரர் ராஜாய் டேவிஸ் அடித்த ஹோம் ரன் (பந்தை எல்லைக்கு வெளியே அனுப்பும் அடி) ஆட்டத்தைச் சமநிலைக்குக் கொண்டுவந்தது. வழக்கமான ஒன்பது இன்னிங்ஸ் முடிந்தும் முடிவு கிட்டாத நிலையில் மழை 17 நிமிடங்கள் ஆட்டத்தை நிறுத்தியது. பத்தாவது இன்னிங்ஸில் பென் ஸோப்ரிஸ்டின் அடி சிகாகோவை முன்னிலைப்படுத்த, 8-7 என்ற கணக்கில் 108 ஆண்டுக் காத்திருப்பு முடிந்தது.

ஆனால் அன்றிரவு சொந்த மைதானத்தில் தோல்வியைக் கண்ட கிளீவ்லாந்து ரசிகர்களையும் நான் மறக்கவில்லை. அவர்கள் கடைசியாக உலகத் தொடரை வென்றது 1948-இல்.