மார்கழியில் பிறந்த ரெண்டு கிலோப் பிள்ளை

எங்கள் பெண் தேதிக்கு முன்னாடியே பிறந்துவிட்டாள். எடை 2 கிலோ 100 கிராம், ஆபரேஷன் பிரசவம். தியேட்டரில் ஏசி வேறு. ஈரம் போகத் துடைத்து, குல்லா மாட்டி, என் வெறும் நெஞ்சில் அவளைக் கவிழ்த்துப் போட்டு மேலே துணி மூடினார் நர்ஸ். "பாப்பாவுக்கு ஹீட்டரே நீங்கதானுங்க" என்றார்.

ஆபரேஷன் என்றாலும் ஒரு மணி நேரத்துக்குள் பால் கொடுத்துவிட வேண்டுமாம். வாய் வைத்தாள், ரெண்டு சப்பு, உடனே தூக்கம். எடை குறைந்த பிள்ளைகள் சீக்கிரம் களைத்துவிடும் என்றார்கள். அதனால் சீம்பாலைக் கையாலேயே பீய்ச்சிக் கிண்ணத்தில் எடுத்தோம். மஞ்சளாக, பிசுபிசுவென்று, கிண்ணத்தின் அடி மட்டும் நனையும். அதைப் பாலாடையில், அதுதான் மூக்கு வைத்த சின்னக் கிண்ணம், ஊற்றி, உதட்டோரம் வைத்து மெதுவாகச் சாய்க்க வேண்டும். அவள் விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. ரெண்டு மணிக்கொருதரம் இதே வேலை.

பொள்ளாச்சியிலிருந்து வந்த அமுச்சிக்கு, அம்மாவைப் பெற்ற பாட்டிக்கு, ஒரே வெசனம். "ஏனம்மிணி, இத்தினியூண்டு பாலு பத்துமா? சக்கரத்தண்ணி தொட்டு வெக்கலாமல்லொ?"

"மொத நாள்ல பாப்பா வயிறே அவ்வளவுதானுங்க ஆத்தா. வேற எதுவும் வேண்டாமுங்க" என்று நர்ஸ் முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வந்த பிறகும் கங்காரு முறைதான், அதாவது பிள்ளையை வெறும் நெஞ்சோடு ஒட்டி வைத்துச் சூடு கொடுப்பது. 1978 வாக்கில் கொலம்பியாவின் பொகோட்டாவில், இன்குபேட்டர் பத்தாமல் போனபோது தொடங்கியது. டயப்பர், குல்லா, சாக்ஸ் மட்டும் போட்டு, மார்புக்கு நடுவில் நிமிர்த்தி வைத்து, தலையை ஒரு பக்கம் திருப்பி, தாடை நெஞ்சில் அமுங்காமல் பார்த்து, பழைய வேட்டியால் கட்டிக்கொள்ள வேண்டும். வயிறும் பாதமும் கதகதப்பாக இருந்தால் சரி. பாதம் மட்டும் சில்லிட்டால் குளிர் ஏறுகிறது என்று அர்த்தம், உடனே நெஞ்சோடு அணைக்க வேண்டும். ரெண்டுமே சில்லிட்டால் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியதுதான். எண்ணெய்க் குளியல், சாம்பிராணி எல்லாம் எடை ஏறட்டும் என்று தள்ளிவைத்தோம்.

தையல் வலியோடு ராத்திரி முழுக்க ஒருத்தியால் ஆகாது. வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றிவிட்டு மாற்றிக்கொள்வார். நெஞ்சு முடி குறுகுறுக்குமோ என்று நான் பயந்தேன், அவள் அசையவே இல்லை. பகலில் அமுச்சி. ரவிக்கை போடாத பழைய ஆள், சேலைக்குள் பிள்ளையை அப்படியே பொதிந்துகொண்டு திண்ணையோரம் உட்கார்ந்துவிடுவார். பார்க்க வருகிறவர்கள் கையை நீட்டினால், "போயி கைய களுவிட்டு வாங்க" என்று விரட்டுவார். அந்த விஷயத்தில் நர்ஸைவிடக் கறார்.

எடை 2 கிலோ 500 தாண்டியதும் வேட்டிக்குள் நெளிந்து, காலை உதைத்து, வெளியே வரப் பார்த்தாள். இனிக் கட்ட வேண்டாம், பால் மட்டும் விடாமல் கொடுங்கள் என்றார் டாக்டர்.