கடல் முள்ளெலி ஆய்வேடு: கோனாட் இண்டெக்ஸை மட்டும் நம்பி வைவாவுக்குப் போகாதீர்கள்

உணவுக்கான கடல் முள்ளெலியின் (sea urchin) இனப்பெருக்கச் சுழற்சியை முதுகலை ஆய்வேட்டுக்கு எடுப்பவர்களுக்கு முதலில் கைக்கு வருவது கோனாட் இண்டெக்ஸ்தான், அதாவது உடல் எடையில் கோனாட் எனும் இனப்பெருக்க உறுப்பின் பங்கு. நான் இத்தாலியில் செய்தது பாராசென்ட்ரோடஸ் லிவிடஸ் என்ற மத்தியதரைக்கடல் இனம். கணக்கு சுலபம்: கோனாட் எடையை உடல் எடையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். 50 கிராம் முள்ளெலியில் கோனாட் 4 கிராம் என்றால் இண்டெக்ஸ் 8. மாதாமாதம் குறித்தால் ஏறி இறங்கும் கோடு ஒன்று கிடைக்கும். உச்சம் முதிர்ச்சி, சரிவு முட்டையிடல் என்று எழுதிவிடக் கை துறுதுறுக்கும்.

வைவா எனும் வாய்மொழித் தேர்வில் அங்கேதான் பிடிப்பார்கள். "இறங்கியிருக்கிறதே, முட்டையிட்டதா, பட்டினி கிடந்ததா?" என்பதுதான் என்னிடம் கேட்ட முதல் கேள்வி. கோனாட்டுக்கு இரண்டு வேலை. இனச்செல்லை (முட்டை அல்லது விந்தணு) உண்டாக்குவதும் அதுதான், உணவைச் சேமிப்பதும் அதுதான். ஊட்டச் செல்கள் நிறைந்த கோனாட் நன்றாகப் பருத்திருக்கும், ஆனால் அதில் முதிர்ந்த முட்டை ஒன்றுகூட இல்லாமல் போகலாம். அந்தச் சேமிப்பைக் கரைத்துத்தான் முட்டையும் விந்தணுவும் பிறகு வளர்கின்றன. சாப்பிடுபவர்களும் முதிர்வதற்கு முன் கெட்டியாக இருக்கும் கோனாட்டைத்தான் விரும்புவார்கள். முதிர்ந்துவிட்டால் தொட்டாலே பால் போலக் கசியும்.

அதனால் நுண்ணோக்கியில் பார்க்க கோனாட் ஸ்லைடு கட்டாயம். வாயைச் சுற்றியுள்ள சவ்வைக் கத்தரியால் வெட்டி, நீரை வடித்து, குடலை ஒதுக்கினால் ஓட்டின் உட்சுவரில் ஐந்து கோனாட்டுகள் ஒட்டியிருக்கும். ஒரு துண்டை, திசு கெடாமல் காக்கும் பூவான் கரைசலில் போட்டு, பாரஃபின் மெழுகில் பதித்து, சீவி, ஹீமடாக்சிலின்-இயோசின் சாயம் ஏற்றுங்கள். மரியா பர்ன் 1990இல் அயர்லாந்து முள்ளெலிகளுக்கு வகுத்த ஆறு கோனாட் முதிர்ச்சி நிலைகளைத்தான் பலரும் பின்பற்றுகிறார்கள். பெயர்களை மனப்பாடம் செய்வதைவிட, பெண் கோனாட்டில் முட்டை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். வளரும் நிலையில் அது சுவரை ஒட்டியிருக்கும். முதிர்ந்தபின் நடுவில் நெருக்கியடிக்கும், ஊட்டச் செல்கள் ஓரமாக மெலிந்திருக்கும். முட்டையிட்டபின் நடுவில் இடைவெளி விழும்.

அப்புறம் சுற்றுச்சூழல். 'வெப்பநிலைதான் காரணம்' என்று ஒரே வரியில் முடிக்காதீர்கள். கடலில் வெப்பமும் பகல் நீளமும் ஏறக்குறைய சேர்ந்தே மாறுவதால், களத் தரவை மட்டும் வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. பிரித்துக் காட்டியது ஆய்வகச் சோதனை. கலிபோர்னியாவின் ஊதா முள்ளெலிகளுக்குப் பகல் நீளத்தை ஆறு மாதம் தள்ளி வைத்தபோது, இனச்செல் உருவாக்கமும் தள்ளிப்போனதை ஜான் பியர்ஸ் குழு 1986இல் காட்டியது. உணவு பெரும்பாலும் அளவைத் தீர்மானிக்கும். பாசி தீர்ந்த பாறையில் கோனாட் சிறுத்துவிடும். முட்டையை வெளியேற்றும் தருணத்துக்குத் தூண்டுதல் வேறு. பச்சை முள்ளெலிகளுக்கு அது வசந்தகால மிதவைப்பாசிப் பெருக்கம் என்று 1990இல் கனடாவில் காட்டினார்கள். எப்போது தொடங்குகிறது, எவ்வளவு வளர்கிறது, எப்போது வெளியேறுகிறது என்று மூன்றையும் பிரித்து எழுதினால் தேர்வாளர் பாதி சமாதானமாகிவிடுவார்.

மேலாண்மைக் கேள்வியும் வரும். இத்தாலியின் 1995 விதி மே, ஜூனில் முள்ளெலி பிடிக்கத் தடை விதிக்கிறது. குறைந்தபட்ச அளவு 7 செ.மீ., அதுவும் முள்ளோடு சேர்த்து. நாம் ஆய்வில் அளப்பது முள் நீங்கலான ஓட்டின் விட்டம். இரண்டையும் ஒரே அட்டவணையில் கலந்துவிடாதீர்கள்.